எத்தனையாவது ஒன்று ஐம்பது

நவம்பரின் முதல் ஞாயிறு.
பலாலி வீதியில் மழை.
மூன்றாம் மாடியில் நான் மட்டும்,
ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, இரண்டு ரோல்ஸ்.
நேரம் பின்னுக்குப் போவதைக் காவலிருந்து பார்க்க
இன்றைக்கு எனக்கு இரட்டைச் சம்பளம்.

ரொறன்ரோவில் இப்போது இரவு.
இரண்டு மணியைத் தொட்டதும்
அந்த நகரம் எழும்பாமலே ஒரு மணிக்குத் திரும்பும்,
சட்டப்படி.
இங்கே அப்போது பதினொன்றரை.
கீழே மருந்துக்கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்துவார்.
பதினொன்று முப்பத்தொன்று ஆகும்,
வேறொன்றும் ஆகாது.

சேர்வருக்குள்ளே ஒரு எண் இருக்கிறது.
எழுபதாம் ஆண்டு தை முதலாம் திகதியில் தொடங்கி
விநாடிக்கு ஒன்றாய் ஏறிக்கொண்டே போகும் எண்.
அது ஒருநாளும் திரும்பாது.
திரும்புவதெல்லாம் அதன்மேல் நாங்கள் ஒட்டும் முகம்.
எனக்கு முன்னிருந்தவர்
முகத்தைச் சேமித்தார், எண்ணை விட்டுவிட்டார்.
அவர் இப்போது மெல்பேணில்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு முதற் பிழை.
ஸ்காபறோவில் ஒரு வெதுப்பகம், இரவு வேலை,
ஊழியர் இலக்கம் 4471.
ஓய்வுக்கு வெளியே போனது ஒன்று ஐம்பது.
உள்ளே வந்தது ஒன்று பத்து.
எடுத்த ஓய்வு: மைனஸ் நாற்பது நிமிடம்.

தரவுத்தளம் அந்த வரியை வாங்க மாட்டேன் என்றது.
போக முன்னர் ஒருவர் திரும்பி வர ஏலாது என்று
அதற்கொரு விதி.
நல்ல விதி. நான்தான் எழுதினேன்.

பெயர் கமலவேணி.
அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.
பின்கதவால் வெளியே வந்திருப்பாள்,
முழங்கை வரை மா,
குளிரில் நின்று யாருக்கோ கோல் எடுத்திருப்பாள்.
இருபது நிமிடம்.
இதைத் திருத்தாவிட்டால்
வெள்ளிக்கிழமைச் சம்பளம் அவளிடம் கணக்குக் கேட்கும்.

சரிபார்க்க நேர வலயக் கோப்பைத் திறந்தேன்.
உலகத்து அரசுகள் எல்லாம் மணியோடு விளையாடிய கணக்கு.
உருட்டிக்கொண்டு போனால் எங்கள் தீவும் வரும்,
கொழும்பு என்ற பெயரில்.
தொண்ணூற்றாறு மே, ஒரு மணி முன்னுக்கு.
அதே ஆண்டு ஒக்டோபர், அரை மணி பின்னுக்கு.
இரண்டாயிரத்து ஆறு ஏப்ரல், மிச்ச அரை மணியும் பின்னுக்கு.
அவ்வளவுதான்.
முகமாலையில் இறங்கி நடந்த சனம்
மணிக்கூட்டைத் திருகியதற்கு
அதில் வரி இல்லை.

நான் பிறந்தது இரண்டாயிரத்து மூன்று மே,
கிளிநொச்சியில், விடியற்காலை ஐந்து பத்து.
புது நேரமோ பழைய நேரமோ?
ஆஸ்பத்திரி அரசாங்கத்தது,
சுவரில் தொங்கிய மணிக்கூடு யாருடையது?
அப்பா பழையது என்கிறார். மேஷ லக்கினம்.
அம்மா புதியது என்கிறா. மீனம்.
வலியோடு கிடந்து மணிக்கூட்டைப் பார்த்தது
தான்தான் என்றும் சொல்கிறா.
என் சாதகம் இரண்டு கொப்பியில் இருக்கிறது.
போன மாதம் வந்த சம்பந்தத்துக்கு
எது பொருந்தியதோ அதைக் கொடுத்தார்கள்.

புதிய பத்தி ஒன்று சேர்த்தேன்.
ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில்
உலக நேரத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று:
போனபோது மைனஸ் நாலு,
வந்தபோது மைனஸ் ஐந்து.
திரும்ப ஓட்டினேன்.
வரி ஏறியது. ஓய்வு இருபது நிமிடம்.
மார்ச்சில் இதுவே மறுபக்கம் நடக்கும்,
இரண்டரை மணி என்று ஒன்றே இல்லாத இரவு வரும்.
அதை மார்ச்சில் பார்ப்போம்.

பன்னிரண்டு இருபதுக்கு அங்கேயிருந்து றெஜினோல்ட்.
நித்திரைக் குரல்.
“எல்லாம் ஓகேயோ?”
ஓகே. அங்கே இப்ப எத்தனை மணி?
“ஒன்று ஐம்பது.”
எத்தனையாவது என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
போனை வைக்காமல்
எழும்பிப் போனான்.